நாலாயிரம் பைட்

டாஸ் காலத்துத் திரைக்கு 4000 பைட்தான் நினைவகம். 80 பத்தி, 25 வரி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பைட். முதலாவது எழுத்து, அடுத்தது நிறம். கலர் மானிட்டரில் அது பி8000 என்ற ஹெக்ஸாடெசிமல் முகவரியில் தொடங்கும். டர்போ சி-யில் ஒரு ஃபார் பாயிண்டரை அங்கே நிறுத்திவிட்டால் பிரிண்ட்எஃப் தேவையே இல்லை. 2000ஆம் பைட்டில் 65 வைத்தால் திரையின் நடுவாக்கில் ஆங்கில 'ஏ' வரும். அடுத்த பைட்டில் 30 வைத்தால் நீலத்தின் மேல் மஞ்சள்.

நினைவகத்தில் எழுதியதுமே திரையில் தெரிந்துவிடும். கல்லூரி லேபில் என்னைப் பிடித்துக்கொண்டது இதுதான். நான் தமிழ்வழியில் படித்து வந்தவன், வகுப்பில் வாய் திறந்தால் இங்கிலீஷ் திக்கும். இந்த நாலாயிரம் பைட்டில் எனக்குத் திக்கவில்லை.

ஆனால் அந்த 256 வடிவங்களில் கிரேக்க ஆல்ஃபா இருந்தது, சிரிக்கும் முகம் இருந்தது, சீட்டுக்கட்டு ஆட்டின்கூட இருந்தது. ஒரு 'அ' இல்லை.

விஜிஏ-வில் அந்த வடிவங்களை மாற்றலாம். எட்டுப் புள்ளி அகலம், பதினாறு உயரம், ஆக எழுத்துக்குப் 16 பைட். கணக்கு நோட்டின் கட்டங்களில் பென்சிலால் வரைந்து, எண்ணாக்கி, பயாஸிடம் கொடுத்தேன். 'ட' உடனே வந்துவிட்டது. 'ண'வின் மூன்று சுழிகள் எட்டுப் புள்ளிக்குள் அடங்கவில்லை. இரண்டு கட்டமாகப் பிரித்தால் நடுவே இடைவெளி. விஜிஏ ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்பதாவது புள்ளியை வெறுமையாக விடும். 192 முதல் 223 வரைதான் விதிவிலக்கு; பெட்டிக் கோடுகள் அறுந்துவிடக் கூடாதென்று அங்கே எட்டாவது புள்ளியே ஒன்பதாவதிலும் நீளும். 'ண'வின் இடப்பாதியை அந்த இடங்களில் ஒன்றில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது.

பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து, "டேய், அண்ணான்னு எழுதுடா" என்றான். எழுதினேன்.

இன்றைக்கு யூனிகோடில் 'கொ' என்றால் 'க' முதலில் சேமிக்கப்படுகிறது, கொம்பும் காலும் சேர்ந்த குறி பின்னால். திரைக்கு வரும்போது கொம்பு முன்னால் போய் நிற்கிறது. அந்த வேலையை யாரோ நமக்காகச் செய்துவைத்திருக்கிறார்கள், அதனால்தான் இதை எந்தச் செல்போனிலும் நீங்கள் படிக்க முடிகிறது. அன்று கொம்பை நானேதான் முதலில் வைத்தேன், சிலேட்டில் எழுதிய அதே வரிசையில்.

256 இடங்களில் எவற்றை வைப்பது என்பது யாரோ போட்ட பட்டியல். பட்டியலைத் திருத்தலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது, இரண்டு கட்டத்தில் ஒட்டி நின்ற அந்த 'ண'.