ஓநாய் யாரைக் கடிக்கும்?

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஓநாய் என்றதும் அஞ்ச வேண்டாம், தோழியரே! ஓநாய்கள் நான்கும் வெறும் புளியங்கொட்டைகள்தான்.

வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டின் புத்தகங்களைக் கொண்டு வந்திருந்தான். அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் வெளியான விளையாட்டு அது. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, வாயால் சொல்லியே ஆட வேண்டும். வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். அவர் டஞ்சன் மாஸ்டர். பகைவர் எல்லாரும் அவர் கையில். அன்று அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. பெருமை தாங்கவில்லை!

அண்ணன், கவசம் அணிந்த வீரன். அக்கா, காயம் ஆற்றும் கிளெரிக். ஒன்பது வயதுச் சித்தி மகன், பூட்டுத் திறக்கும் கள்ளன். முதல் நாள்தான் அக்கா என் புதுத் துப்பட்டாவைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போய், மையைக் கொட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

காட்டு வழியில் ஓநாய்கள் பாய்ந்தன. வீரன் முன்னால் நின்றான். கள்ளன் மரத்தடியில் தனியே நின்றான். என் ஓநாய்கள் நான்கும் இருவரையும் சுற்றிக்கொண்டு போய் அக்காவையே கடித்தன. "காயம் ஆற்றுபவரை முதலில் வீழ்த்துவதுதான் போர்த் தந்திரம்" என்று விளக்கமும் கொடுத்தேன். அக்கா ஒன்றும் பேசாமல் தன் காகிதத்தை மடித்து வைத்தாள்.

திண்ணையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சி கேட்டார்கள்: "ஏட்டி, அவ மை கொட்டுனது அந்த ஓநாய்க்கு எப்படித் தெரிஞ்சுது?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

அன்றிரவு அண்ணனிடம் கேட்டேன். 1979-இல் வந்த கையேட்டில், கைகலப்பில் பலர் சேர்ந்துவிட்டால் யார் அடி யார்மேல் விழும் என்பதைப் பகடைக்கே விட்டுவிடுவார்களாம். நெரிசலில் ஆள் பார்த்து அடிக்க முடியாதல்லவா? நியாயந்தான். ஆனால் அப்போது ஓநாய்க்கும் வேறு பகைவருக்கும் வேற்றுமையே இராதே! 2014-ஆம் ஆண்டுப் பதிப்பைப் புரட்டினேன். ஓநாயின் அறிவு 3 புள்ளி; சாதாரண மனிதனுக்கு 10. ஆனால் இரையின் அருகில் தன் கூட்டத்தில் இன்னொன்று நின்றால், ஓநாய் பகடையை இருமுறை உருட்டி நல்ல எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஆக, சேர்ந்து வளைப்பதுதான் அதற்குத் தெரிந்த வித்தை. கிளெரிக் யார், கள்ளன் யார் என்று அது எங்கே கண்டது? காப்ளின் என்னும் குள்ளப் பகைவருக்கு அறிவு 10. மறைந்து அம்பு எய்துவிட்டு நழுவும். அதற்கு வேண்டுமானால் என் போர்த் தந்திரம் பொருந்தும். (இதைப் பற்றியே கீத் அம்மான் என்பவர் 2019-இல் தனி நூல் வெளியிட்டிருக்கிறார்!)

மறுநாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். துப்பட்டாவுக்காக அவள் கேட்கவில்லை; அது வேறு கதை. அதே காட்டிலிருந்து மறுபடி தொடங்கினோம்.

இம்முறை ஓநாயாகவே நினைத்துப் பார்த்தேன். தனியே நிற்பது யார்? சித்தி மகன். அவனைக் கடிக்க எனக்கு மனமே வரவில்லை. இரண்டு கொட்டைகளை அண்ணன் பக்கம் தள்ளிவிடலாமா என்று கை போயிற்று. நேற்றுக் கோபத்தில் கடித்த ஓநாய் இன்று பாசத்தில் கடிக்காமல் இருந்தால், இதையும் ஆச்சி கேட்பார்களே!

மூன்று கொட்டைகளை அவனைச் சுற்றி வைத்தேன். இரண்டாம் கடியில் அவன் உயிர்ப்புள்ளி பூஜ்யமாயிற்று. பையனின் கண் கலங்கியது. விழுந்தவனை மீண்டும் கடிக்கலாம். சாவுக்கு வேண்டிய மூன்று தோல்விகளில் இரண்டு ஒரே கடியில் வந்துவிடும். ஆனால் வாளோடு ஆள் ஓடி வரும்போது ஓநாய் அங்கேயே நின்று தின்னுமா?

"இரையைப் புதருக்குள் இழுத்துக்கொண்டு போகிறது" என்றேன்.

"விடாதே!" என்று எழுந்தாள் அக்கா. இருவருக்கும் இடையே ஐம்பது அடி. அவள் மந்திரம் அறுபது அடி வரை எட்டும். ஆனால் அதற்கு முன் பையனின் முறை. சாகாமல் தாக்குப்பிடிக்கப் பத்தோ அதற்கு மேலோ விழ வேண்டும். பகடையை உள்ளங்கையில் வைத்து ஊதினான். பதினான்கு! அக்கா மந்திரத்தைச் சொன்னாள்.

பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இனிமே என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க" என்று தன் பொம்மையை அக்காவின் பொம்மைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டான். ஓநாய்கள் இன்னும் மூன்று மிச்சம் இருந்தன.