நூல் எங்கடா?

"மாமா, இதைப் பாருங்க!" என்று செல்போனை என் மூக்கருகே நீட்டினான் அக்கா மகன். எங்கோ ஒரு பனிமலையில், காலில் சறுக்குக் கட்டை மாட்டிய ஒரு ஆசாமியை ராட்சதப் பட்டம் ஒன்று தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. "நாமளும் போலாமா?"

தர்மபுரியில் பனிக்கு எங்கே போக? மார்கழிப் பனியில் சறுக்க முடியாது, சளிதான் பிடிக்கும். ஆனால் வாடைக்காற்றுக்குப் பஞ்சமில்லை. சுமார் 25 கிலோமீட்டரில் வத்தல்மலையும் இருக்கிறது. தை பிறந்ததும் ஒரு ஞாயிறு காலையில் கிளம்பினோம். அவன் கையில் பட்டம், என் கழுத்தில் கேமரா.

பட்டம், அப்பாவின் கைவண்ணம். 81 வயது, மூட்டுவலி. மலைக்கெல்லாம் வர முடியாது. பழைய பேப்பர், ஈர்க்குச்சி, சோற்றுப் பருக்கை, அம்மா விட்டுப்போன நூல் புடவையில் கிழித்த வால். "மாஞ்சா கீஞ்சா வேணாம், வெறும் நூல்தான்" என்றார். (நைலான் மாஞ்சாவுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2017ல்தான் நாடு முழுக்கத் தடை போட்டது. அப்பா நான் டவுசர் போட்ட காலத்திலேயே போட்டுவிட்டார்!) "போட்டோவைக் கொண்டாந்து காட்டு."

கொண்டை ஊசி வளைவுகளில் குடல் ஒரு சுற்று சுற்றி, மேலே போய் மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றோம். குளிருக்குப் பயந்துதான்! பட்டம் இரண்டு குட்டிக்கரணம் போட்டு சில்வர் ஓக் மரத்தில் உட்கார்ந்தது. காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அங்க காத்து சுத்தும் சார், காத்து ஏறுற பக்கம் வாங்க" என்றார். அங்கே போனதும் ஜிவ்வென்று ஏறியது. நொடியில் 2000ல் ஒரு பங்கு வேகத்தில் சுட்டுத் தள்ளினேன்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்னடா இது, ஆகாசத்துல ஸ்டாம்ப்பு ஒட்டின மாதிரி? நூல் எங்கடா?"

எனக்குச் சுருக்கென்றது. 1888லேயே பிரான்சில் ஆர்தர் பாத்யூ என்பவர் பட்டத்தில் கேமராவைக் கட்டி, எரியும் திரியால் ஷட்டரைத் தட்டவைத்து ஊரையே படம் பிடித்தாராம். எனக்குத் தரையில் நின்றும் ஒரு நூல் சிக்கவில்லை!

அடுத்த ஞாயிறு சாயங்காலம் மறுபடி போனேன். வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். பட்டம் தென்மேற்கே நிற்கும். இறங்கும் சூரியனும் அந்தப் பக்கம்தான். பையன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வெயிலுக்கு எதிராகவே எடுத்தேன். வெறும் பருத்தி நூல் வெள்ளிக் கம்பியாக மின்னியது. வேகத்தையும் 60ல் ஒரு பங்காகக் குறைத்தேன். புடவை வால் நெளிந்து கலங்கலாக விழுந்தது. காற்று அதில்தான் தெரிந்தது.

பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அப்பா வாலில் விரல் வைத்து, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். பிறகு நூலோடு மெள்ள இறங்கி, பேரன் கை வரை வந்தார்.

"ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறான். கொஞ்சம் விட்டுக் குடுக்கச் சொல்லுடா."