பழைய பெட்டிக்குள் இருந்த குரல்கள்

எங்கள் வீடுகளில் பழைய படங்கள் குறைவு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்களில் அல்பத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் சிலர்தான். அடையாள அட்டை, காணி உறுதி, கொஞ்ச அரிசி, பிள்ளைகளின் உடுப்பு என்பவைதான் முதலில் பைக்குள் போயின. அதற்குப் பிறகும் எத்தனை இடப்பெயர்வுகள்! ஆகவே ஒரு படமோ, ஒரு கடிதமோ, ஒருவரின் குரலோ மிஞ்சியிருந்தால் அதற்கு எங்களிடம் விலை கிடையாது.

இன்று இவை வேறொரு விதமாகவும் தொலைகின்றன. வீடு எரியவில்லை, எவரும் களவெடுக்கவில்லை. பொருள் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பதை எடுக்க முடியவில்லை. அந்தப் பழைய கருவியோடு பேசக்கூடிய கணனி இப்போது இல்லை என்பதுதான் காரணம். அப்படியான ஒரு கருவியை 2023இல் நாங்கள் திருப்பி வேலைக்குக் கொண்டுவந்தோம். வேறு சகோதரிகளுக்கும் உதவும் என்பதால் எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன்.

எங்கள் மாதர் சங்கத்தில் நான் கணனி வகுப்பு எடுக்கிறேன். சங்கத்துக்கு வரும் மாமி ஒருவரிடம் கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருந்தது. 2006 தொடக்கத்தில், ஏ9 பாதை மூடப்படுவதற்கு முன்னர், வெளிநாட்டிலிருந்து வந்த தம்பியார் கொடுத்தது. மாமியின் தாயார் சொன்ன ஊர்க்கதைகள் அதில் இருந்தன. மாமியின் மகன் ஆச்சியைப் பகிடி பண்ணிக் கதைத்ததும் இருந்தது. அந்த வருடம் ஓகஸ்ட்டில் பாதை மூடப்பட்டபோது மகன் வன்னியில் வேலையில் இருந்தான். 2009க்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஆச்சி 2011இல் காலமானார்.

மாமிக்குப் பழையதைக் கேட்பது மட்டும் நோக்கமல்ல. தன்னைப் போலப் பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் வாக்குமூலங்களை அவர்களுடைய சொந்தச் சொல்லிலேயே பதிந்து வைக்க விரும்பினார். அவர்களில் பலர் வயது போனவர்கள். ஆனால் கருவியின் உள்நினைவகம் நிரம்பிவிட்டது. மெமரி காட் போட இடமிருந்தும், கடையில் வாங்கிய புதிய காட்டை அது ஏற்கவில்லை. திருத்துமிடத்தில், "பழசை அழிச்சுப்போட்டுப் பதியுங்கோ அம்மா, இல்லாட்டிப் புதுசு ஒண்டு வாங்குங்கோ" என்றார்களாம்.

"பிள்ளை, இதுக்குள்ள அவன்ர குரல் கிடக்குது. நான் எப்பிடி அழிக்கிறது?" என்று என்னிடம் கொண்டுவந்தார்.

முதலில் அந்தக் காட் ஏன் பிடிக்கவில்லை என்று பார்ப்போம். பழைய எஸ்.டி. காட்டுகள் 2 ஜி.பி. வரைதான் கொள்ளும். 2006இல் எஸ்.டி.எச்.சி. என்ற புதிய வகை வந்தது. அது 32 ஜி.பி. வரை கொள்ளும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் உள்ளே இடங்களை எண்ணும் முறை வேறு. பழைய கருவிக்கு அந்தப் புதிய எண்ணும் முறை தெரியாது. 2 ஜி.பி. காட்டோ இப்போது கடைகளில் கிடைப்பது அரிது.

ஒரு கருவிக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைத் தீர்மானிப்பது அதன் உள்ளே எழுதப்பட்டிருக்கும் கட்டளைத் தொகுப்பு. தமிழில் நிலைப்பொருள் என்கிறார்கள், ஆங்கிலத்தில் பேர்ம்வெயார். 1967இல் அஷர் ஒப்லர் என்பவர் இந்தச் சொல்லை உருவாக்கினார். கழற்றித் தொடக்கூடிய வன்பொருளுக்கும், நாங்கள் போட்டு எடுக்கும் மென்பொருளுக்கும் இடையில் நிற்பது என்பதால் அந்தப் பெயர். கைத்தொலைபேசி, கமரா, ஒலிப்பதிவுக் கருவி எல்லாவற்றிலும் அது உண்டு. சில வேளைகளில் அதைப் புதுப்பித்தால் கருவி புதிய வேலையையும் பழகிக்கொள்ளும். மாமியின் கருவிக்கும், எஸ்.டி.எச்.சி. காட்டை ஏற்கச் செய்யும் ஒரு புதுப்பித்தலை அதன் கம்பனி பிற்பாடு வெளியிட்டிருந்தது. கம்பனியின் இணையத்தளத்தில் பழைய பொருட்களுக்கான பக்கத்தில் அது இன்னும் இருந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். புதுப்பிக்கும் செயலியும், குரல்களை வெளியில் எடுக்கும் செயலியும் விண்டோஸ் எக்ஸ்பிக்காக எழுதப்பட்டவை. எக்ஸ்பி 2001இல் வந்தது. 2014 ஏப்ரல் 8ஆம் திகதியுடன் மைக்ரோசொஃப்ற் அதற்கான பாதுகாப்பு உதவியை நிறுத்திவிட்டது. இன்றைய கணனிகள் 64 பிற் விண்டோஸில் ஓடுகின்றன. 32 பிற் காலத்தில் எழுதிய ட்ரைவரை, அதாவது கருவியைக் கணனிக்கு அறிமுகப்படுத்தும் சிறு செயலியை, அவை ஏற்காது. குரல்களும் அந்தக் கம்பனிக்கே உரிய வடிவத்தில் இருந்ததால் வேறு செயலிகளால் திறக்க முடியவில்லை. எக்ஸ்பி போட்டிருந்த சங்கத்தின் மேசைக் கணனி எப்போதோ மின்னலில் போய்விட்டது.

இந்த இடத்தில் மூத்த சகோதரிகளுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. வானொலிக்குப் போடும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. அப்போது நாங்கள் வானொலியைத் தூக்கி எறிந்தோமா? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் செய்தி கேட்டோம். வானொலிக்குத் தேவைப்பட்டது மின்சாரம்; அது பற்றரியிலிருந்து வந்ததா, சைக்கிளிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. பழைய செயலியும் அப்படித்தான். எக்ஸ்பி என்ற சூழலைக் கொடுத்தால் போதும். அது உண்மையான பழைய கணனியா, வேறெதுவுமா என்று அது பார்ப்பதில்லை.

அந்தச் சூழலைக் கொடுப்பதுதான் மெய்நிகர் கணனி. ஒரு கணனிக்குள் இன்னொரு கணனி ஓடுவது போன்ற ஏற்பாடு. இது புதிய யோசனையல்ல. 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தார் ஒரு பெரிய கணனியைப் பலர் பயன்படுத்தும்போது ஒவ்வொருவருக்கும் தனிக் கணனி இருப்பது போலக் காட்ட இதைச் செய்தார்கள், 1972இல் வி.எம்/370 என்ற பெயரில் பொதுவான விற்பனைக்கும் விட்டார்கள். இன்று சாதாரண மடிக்கணனியிலும் அதைச் செய்யலாம். நாங்கள் எடுத்தது வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற செயலி. 2007இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. 2010இலிருந்து ஒரக்கிள் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது.

சங்கத்தின் மடிக்கணனியில் அதைப் பதிந்து, புதிய மெய்நிகர் கணனி ஒன்றை உண்டாக்கினேன். எக்ஸ்பிக்குப் பெரிய வசதி வேண்டாம். 512 எம்.பி. நினைவகமும் 10 ஜி.பி. இடமும் போதும். இறந்துபோன மேசைக் கணனியோடு வாங்கிய எக்ஸ்பி தட்டும் உரிம இலக்கமும் அலுமாரியில் இருந்தன. வெளியில் பொருத்தும் சீடி ட்ரைவ் ஒன்றைத் தெரிந்த இடத்தில் இரவல் வாங்கினோம். எக்ஸ்பி இப்போது பாதுகாப்பற்றது என்பதால் அதன் இணைய இணைப்பைத் துண்டித்தே வைத்தேன். புதுப்பிக்கும் செயலியை மடிக்கணனியில் இறக்கி, இரண்டுக்கும் பொதுவான கோப்புறை ஒன்றின் வழியாக உள்ளே அனுப்பினேன்.

அடுத்தது யு.எஸ்.பி. வயர். கருவியைச் செருகியதும் அதை வெளிக்கணனி பிடித்துக்கொள்ளும். வேர்ச்சுவல்பொக்ஸின் யு.எஸ்.பி. பட்டியலில் கருவியின் பெயரைத் தெரிவுசெய்தால் வெளிக்கணனி கையை விட்டுவிடும், உள்கணனி எடுத்துக்கொள்ளும். கருவியோடு வந்த தட்டிலிருந்த ட்ரைவரைப் போட்டதும், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒரு கணனி அந்தக் கருவியைப் பெயர் சொல்லி அழைத்தது.

புதுப்பிப்பதற்கு முன் குரல்களை வெளியில் எடுத்தோம். இதுதான் முதல் விதி. மெய்நிகர் கணனி பிழைத்தால், முன்கூட்டியே எடுத்து வைத்த நிலைப்படத்திலிருந்து அதைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். கருவி பிழைத்தால் திருப்ப வழியில்லை. மொத்தம் 41 பதிவுகள். எந்தக் கணனியிலும் திறக்கக்கூடிய வேவ் வடிவத்துக்கு அவற்றை மாற்றி, இரண்டு பென் ட்ரைவ்களில் போட்டேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்றைத் திறந்தேன். ஆச்சியின் இருமலும், பின்னால் ஒரு இளம் பையனின் சிரிப்பும் கேட்டன.

மாமி அழவில்லை. "நிப்பாட்டு பிள்ளை, மிச்சத்தை வீட்டில போய்த் தனியக் கேக்கிறன்" என்றார். நான் நிறுத்திவிட்டேன். மற்றப் பதிவுகளைத் திறக்காமல், அவற்றின் நீளம் சரியா என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அவை மாமியுடையவை.

பிறகு புதுப்பித்தல். நிலைப்பொருள் எழுதப்படும் நேரத்தில் மின்சாரமோ இணைப்போ அறுந்தால் பாதி பழையது, பாதி புதியது என்று நின்று, கருவி விழிக்காமலே போகலாம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை நாங்கள் மறக்கவில்லையே. ஆகவே மடிக்கணனியின் பற்றரியையும் கருவியின் பற்றரியையும் முழுதாக ஏற்றிக்கொண்டோம். கணனி இடையில் தூங்கிவிடாதபடி அந்த ஒழுங்கையும் நிறுத்தினேன்.

மெய்நிகர் கணனியில் மட்டும் வரக்கூடிய ஓர் ஆபத்தும் உண்டு. எழுதத் தொடங்கும்போது பல கருவிகள் தம்மைத் தாமே துண்டித்து, வேறொரு அடையாள இலக்கத்துடன் திரும்பச் சேரும். உள்கணனிக்கு அந்த இலக்கம் பழக்கமில்லை. உடனே வெளிக்கணனி கருவியைப் பறித்துக்கொள்ள, எழுதும் வேலை நடுவில் நின்றுவிடும். இதற்கு வேர்ச்சுவல்பொக்ஸில் யு.எஸ்.பி. வடிகட்டி என்ற வசதி இருக்கிறது. அதில் கம்பனியின் இலக்கத்தை மட்டும் எழுதி, பொருளின் இலக்கத்தை வெறுமையாக விட்டேன். அப்படிச் செய்தால் அந்தக் கம்பனியின் கருவி எந்த இலக்கத்தோடு வந்தாலும் உள்கணனிக்கே போகும்.

பொத்தானை அழுத்தியதும் கருவியின் திரை அணைந்தது. மாமி என் கையைப் பிடித்தார். சில விநாடிகளில் உள்கணனி அதை மறுபடியும் பிடித்தது. பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து முடிந்தது. கருவி அணைந்து எரிந்தபோது புதிய பதிப்பு இலக்கத்தைக் காட்டியது. முன்பு தள்ளிவிட்ட 8 ஜி.பி. காட்டைப் போட்டோம். ஏற்றுக்கொண்டது. உள்நினைவகத்தில் இருந்த 41 பதிவுகளும் அப்படியே இருந்தன.

புதிய கருவி வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் கண்பார்வை குறைந்த மாமிக்கு இந்தக் கருவியின் பொத்தான்கள் விரலுக்குத் தெரியும். தாய்மார் முன்னால் கைத்தொலைபேசியை நீட்டினால் படம் எடுக்கிறார்களோ என்று கூசுகிறார்கள். இந்தச் சிறிய பெட்டிக்கு அந்தப் பயமில்லை. இப்போது மாமி ஒவ்வொரு பதிவிலும் முதலில் திகதியையும் இடத்தையும் தன் வாயால் சொல்கிறார். பேசுபவரிடம் சம்மதமும் கேட்டுப் பதிகிறார்.

உங்கள் வீட்டிலும் திறக்க முடியாத பழைய கருவி ஏதும் இருக்கலாம். அதை எறியாதீர்கள், எறியச் சொல்பவரிடம் கொடுக்கவும் வேண்டாம். அதன் வயர், தட்டு, கைந்நூல் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வையுங்கள். பற்றரியைக் கழற்ற முடியுமானால் கழற்றித் தனியாக வையுங்கள், கசிந்தால் கருவியை அரித்துவிடும். கருவி நன்றாக வேலை செய்கிறதென்றால் நிலைப்பொருளைத் தொட வேண்டாம். தேவை இருந்தால் மட்டும் புதுப்பியுங்கள். அதற்கு முன் உள்ளே இருப்பதைப் பிரதி எடுங்கள். ஒரு பிரதி உங்களிடமும் மற்றது வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் இருக்கட்டும். வாக்குமூலங்களாக இருந்தால் முன்பின் தெரியாத கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். பக்கத்தில் இருந்து செய்விப்பதோடு, வேலை முடிந்ததும் அந்தக் கணனியிலுள்ள பிரதியை அழிக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் நீங்களே செய்யவேண்டும் என்றில்லை. உங்கள் ஊரில் கணனி படிக்கும் பிள்ளை ஒன்றிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஒரு பின்னேரத்தில் செய்துவிடக்கூடிய வேலைதான்.