அத்தை கையில் பியூஸ் கட்டை

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் தாய்மாமா, ராஜபாளையம் மில் ஒன்றில் 30 வருடம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, ஒரு டேபிள் ரம்பம் வைத்திருக்கிறார். ஸ்டூல், மணைப்பலகை, பேத்திக்கு நடைவண்டி... இதெல்லாம்தான் உற்பத்தி. விற்பனை கிடையாது. தெருவில் பாதி வீட்டில் அவர் செய்த மணைதான்.

கொஞ்ச நாளாக ரம்பத்தை ஆன் செய்தாலே கிறீச்சென்று சத்தம். ஒருநாள் கனமான வேங்கைப் பலகையை அறுக்கும்போது ரம்பம் திணறி, திடீரென்று மறுபடி வேகம் எடுத்ததில், பலகை திரும்பி வந்து மாமாவின் வயிற்றில் இடித்துவிட்டது. அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பெல்ட்டை மாத்துங்க. இல்ல, மிஷினை எடைக்குப் போட்ருங்க." லீவில் போயிருந்த நான் எடுபிடி.

ரம்பத்தை ஓட்டுவது வி-பெல்ட். மாவு மில்லில் பார்த்திருப்பீர்களே, அதேதான். அதன் அடிப்பக்கம் புல்லியின் பள்ளத்தைத் தொடவே கூடாது. இரண்டு பக்கச் சுவரும்தான் ஆப்பு மாதிரி இறுகிப் பிடிக்க வேண்டும். 1917-ல் அமெரிக்காவின் ஜான் கேட்ஸ் ரப்பரில் இதைக் கொண்டுவருவதற்கு முன்பு தோல் பெல்ட்டும் கயிறும்தான் அந்த வேலையைச் செய்தன. தேயத் தேய பெல்ட் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளக்கும், பிடிப்பு போய் வழுக்கும். கிறீச் சத்தம் அதுதான்.

மாமா ரம்பத்தில் இரண்டு பெல்ட். ஒன்று வெடிப்பு விட்டிருந்தது, இன்னொன்று பார்க்க நன்றாகவே இருந்தது.

"ஒண்ணு மட்டும் வாங்கினா போதாதா மாமா?"

"தேர் வடத்துல ஒரு பக்கத்து ஆளு மட்டும் இழுத்து, இன்னொரு பக்கத்து ஆளு சும்மா புடிச்சுக்கிட்டு நின்னா எப்படி மாப்ள? பழசு தொய்ஞ்சு கிடக்கும். புதுசு மொத்த பாரத்தையும் இழுத்து ஆறே மாசத்துல போயிரும்."

ஆண்டாள் ஊர்க்காரரிடம் இதற்கு மேல் வாதாட முடியாது.

பெல்ட்டில் நம்பர் அழிந்திருந்தது. வெளிப்பக்கம் சணல் சுற்றி அளந்தோம்: 44 அங்குலம். ராஜபாளையம் கடைக்காரர் மேல் அகலத்தைப் பார்த்தார். 13 மில்லிமீட்டர், அதாவது 'ஏ' சைஸ். அதற்கு வெளி அளவில் 2 அங்குலம் கழித்தால் உள் அளவு. "ஏ-42 பென்னர் பெல்ட் ரெண்டு" என்றார். எந்தக் கம்பெனி பெல்ட்டாக இருந்தாலும் இந்தப் பக்கம் பலருக்கும் அது பென்னர் பெல்ட்தான். மதுரையில் தயாராகிற பெயர் ஆயிற்றே. இரண்டும் ஒரே பேட்ச்தானா என்று மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததில் எங்கள் பஸ் போய்விட்டது.

மாட்டும் நாளில் அத்தை முதல் காரியமாக மெயின் போர்டில் பியூஸ் கட்டையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்ற மாமாவின் பேச்சு எடுபடவில்லை. (எனக்கென்னவோ, அந்தக் கொட்டகையிலேயே நல்ல பாதுகாப்புக் கருவி அந்த முந்தானைதான்.)

ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி பெல்ட்டை ஏற்றலாமே என்று தோன்றும். கூடாது. உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும், விரலும் மாட்டும். மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்னால் நகர்த்தினால் பெல்ட் தானாக உட்காருகிறது. பிறகு இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தோம். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 40 சென்டிமீட்டர் இடைவெளிக்கு 6 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் போய்விடும்.

பியூஸ் கட்டை திரும்பி வந்தது. ரம்பம் ஓடியது, கிறீச் இல்லை. அத்தை உத்தரவுப்படி முதலில் அறுத்தது, பலகையைக் கைபடாமல் தள்ளுவதற்கான ஒரு தள்ளுகட்டை. அப்புறம்தான் வேங்கை.

"புது பெல்ட் கொஞ்சம் நீளும் மாப்ள. நாளைக்கு மறுபடி இறுக்கணும்" என்றார் மாமா.

"அப்ப நாளைக்கும் கட்டை என்கிட்டதான்" என்றார் அத்தை, உள்ளேயிருந்து.