பண்ணைப்புரத்து இசைக்கு எந்த ஹெட்போன்?

தேனியில் குமுளி பஸ் ஏறினால் சுமார் 60 கிலோமீட்டர். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று ஊர்கள் வரிசை கட்டி வரும். ஒரு பக்கம் மேகமலை, மறு பக்கம் கேரள எல்லை மலை. நடுவே நெல், வாழை, தென்னை, பந்தல் போட்ட திராட்சை. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இந்தப் பக்கம் திரும்பியதால் செழித்த பூமி இது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் இந்தத் தண்ணீரின் பிள்ளைதான்.

கம்பம் பள்ளத்தாக்கின் அழகைப் பற்றி எழுதாதவர்கள் குறைவு. அதன் சத்தத்தைப் பற்றி எழுதியவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால், தமிழர்கள் அரை நூற்றாண்டாகக் கேட்டு வரும் இசைக்கு விதை போட்டது இந்த மண்தான். உத்தமபாளையத்திலிருந்து கோம்பை வழியாகப் போனால், மலையடிவாரத்தில் வரும் ஊர் பண்ணைப்புரம். 1943-ல் இளையராஜா பிறந்த ஊர்!

காற்று, தண்ணீர், தோல்

ஆடி மாதம் இங்கே வந்து பாருங்கள். கணவாய்களுக்குள் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று தென்னை ஓலையில் ஒரு மாதிரியும், நெல்வயலில் வேறு மாதிரியும் பேசும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதும் இந்தக் காற்றை நம்பித்தான். சுருளி அருவிக்குப் போனால் கிட்டே ஒரு சத்தம், தூரத்தில் ஒரு சத்தம். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா என்றால் மேளமும் பறையும் நெஞ்சுக்குள் வந்து அடிக்கும். உறுமியைக் கேட்டிருக்கிறீர்களா? ஒரு பக்கம் குச்சியால் அடி, மறு பக்கம் வளைந்த குச்சியால் தேய்ப்பு. அந்த இழுவை ஓசைக்கு ஈடாக வேறு வாத்தியம் சொல்வது கடினம்.

இதே ஊர்களில்தான் பாவலர் வரதராஜன், பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடினார். தம்பிகளும் அவரோடு போனார்கள். அந்தக் காலத்து மேடைக்கு வாய்த்தது மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான். அதில் அடிநாதமும் வராது, உச்ச நாதமும் வராது. நடுக்குரல் மட்டும் நாலு தெருவுக்குக் கேட்கும். அந்தக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர்தான் 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் சினிமாவுக்கு வந்தார்.

இன்று அதே பாடல்களைக் கேட்க லட்சக்கணக்கில் செலவழிக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குள் ஓயாத கேள்வி ஒன்று உண்டு. உயர்ரக ஹெட்போனில் டைனமிக் நல்லதா, எலக்ட்ரோஸ்டேட்டிக் நல்லதா?

பறையும் நெல்வயலும்

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள இன்ஜினீயரிங் படிக்க வேண்டியதில்லை. பள்ளத்தாக்கைப் பார்த்தாலே போதும்.

டைனமிக் என்பது பறை மாதிரி. ஒரு சவ்வு; அதில் ஒட்டிய கம்பிச் சுருள்; பக்கத்தில் காந்தம். பாட்டின் மின்சாரம் சுருளில் ஓடும்போது காந்தம் அதை இழுக்கும், தள்ளும். சுருள் இருக்கும் இடத்தில் விழும் அடி, சவ்வு முழுக்கப் பரவுகிறது. ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனம் 1937-ல் கொண்டுவந்த முறை இது. நம் வீடுகளில் இருக்கும் ஹெட்போன்களில் பெரும்பாலானவை இந்த ரகம். 2009-ல் வந்த சென்ஹைசர் எச்டி 800 போன்ற விலையுயர்ந்தவையும் இதே குடும்பம்தான்.

எலக்ட்ரோஸ்டேட்டிக் என்பது காற்றில் அசையும் நெல்வயல் மாதிரி. துளையிட்ட இரண்டு தகடுகள். நடுவே ஓரிரு மைக்ரான் தடிமனில், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு படலம். அந்தப் படலத்தில் மின்னேற்றம் நிறுத்தப்படும். ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் இன்றைய மாடல்களில் இது 580 வோல்ட்! தகடுகளில் பாட்டுக்கேற்ப மின்னழுத்தம் மாற, படலம் முழுவதும் ஒரே நேரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைகிறது. சுருளின் எடை கிடையாது. அதனால் சத்தம் சட்டென்று எழும், சட்டென்று அடங்கும். ஜப்பானின் ஸ்டாக்ஸ் 1960-லேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. 2015-ல் சென்ஹைசர் அறிவித்த எச்இ 1 என்ற எலக்ட்ரோஸ்டேட்டிக் செட்டின் விலை சுமார் 50,000 யூரோ. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 35 லட்சம் ரூபாய்!

எந்தப் பாட்டுக்கு எது?

1988-ல் வந்த 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் இருக்கிறது. 1986-ன் 'ஹவ் டு நேம் இட்'டில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின் இருக்கிறது. உதட்டுக்கும் மூங்கிலுக்கும் நடுவே நழுவும் மூச்சு, தந்தியில் வில் உரசும் அந்த முதல் நொடி... இவற்றைக் கேட்கத்தான் எலக்ட்ரோஸ்டேட்டிக். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு உருவாகி 2005-ல் வந்த 'திருவாசகம்' போல, பல வாத்தியங்களும் கோரஸும் சேர்ந்து வரும் இடங்களில் ஒவ்வோர் அடுக்கையும் அது பிரித்துக் காட்டும்.

அதே ஹெட்போனில் பறையும் தவிலும் போட்டுப் பாருங்கள். அடியின் தெளிவு கிடைக்கும். நெஞ்சில் விழும் கனம் குறையும். இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடம் சிறியது. படலம் அதற்குள்தான் ஆட முடியும். டைனமிக்கின் சவ்வு முன்னும் பின்னும் அதிகம் நகரக்கூடியது. கிராமத்துத் தாளம், ராஜாவின் புகழ்பெற்ற பேஸ் கிட்டார் நடை, திருவிழா மேளம் ஆகியவற்றுக்கு அதன் கனம்தான் பொருத்தம்.

இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. பழைய பாடல்களில் பல, மோனோவில் பதிவானவை. டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சலும் அவற்றோடு கூடவே வரும். எலக்ட்ரோஸ்டேட்டிக் அந்த இரைச்சலையும் பாட்டுக்கு இணையாகத் தெளிவாகக் காட்டிவிடும். 'அன்னக்கிளி' காலத்துப் பாட்டுகளை மட்டுமே விரும்பிக் கேட்பவருக்கு, நல்ல டைனமிக் ஒன்று கூடுதல் நிம்மதி தரும்.

வீடும் வானிலையும்

எலக்ட்ரோஸ்டேட்டிக் ஹெட்போனை போனில் சொருக முடியாது. 580 வோல்ட் கொடுக்க அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அதன் விலையையும் கணக்கில் சேருங்கள். ஜப்பானிலிருந்து நேரடியாக வாங்கினால் அது 100 வோல்ட்டுக்கான கருவியாக இருக்கலாம்; நம் 230 வோல்ட் பிளக்கில் மாட்டினால் கதை முடிந்தது.

அடுத்தது ஈரம். பனியில் தொய்ந்த பறைத் தோலைத் தீயில் காட்டி முறுக்கேற்றுவது நம் கலைஞர்களின் வழக்கம். எலக்ட்ரோஸ்டேட்டிக் படலத்துக்கும் ஈரம் ஆகாது. ஈரத்திலும் தூசியிலும் மின்னேற்றம் கசிந்தால் ஒரு பக்கம் சத்தம் குறையும், சில நேரம் கிறீச்சிடும். ஆனால், இதைத் தீயில் காட்ட முடியாதே! சாரல் அடிக்கும் மலையடிவார வீடு என்றால் மூடிய பெட்டியும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம். டைனமிக் இந்த விஷயத்தில் பொறுமைசாலி.

எச்டி 800 போன்ற 300 ஓம் டைனமிக் ஹெட்போன்களுக்கும் நல்ல ஆம்ப்ளிஃபயர் இருந்தால்தான் முழு பலம் வெளிப்படும். என்றாலும், ஒரு சாதாரண ஆம்ப்ளிஃபயரோடு ஆரம்பித்து, பிறகு மாற்றிக்கொள்ளலாம். மின்வெட்டு வந்தால் பேட்டரியில் ஓடும் சின்னக் கருவியோடு சமாளிக்கவும் முடியும்.

உயர்ரக ஹெட்போன்களில் பல, முதுகு திறந்தவை. உள்ளே பாடுவது வெளியே கேட்கும். வெளிச்சத்தம் உள்ளே வரும். குமுளி மலைப்பாதையில் பஸ் கியர் மாற்றும்போது, 35 லட்சமும் 350 ரூபாயும் ஒன்றுதான்!

வாங்கும் முன்...

• நீங்கள் தினமும் கேட்கும் ஐந்து பாடல்களை எடுத்துப்போய்க் கேளுங்கள். கடைக்காரர் போடும் பாட்டு அவருடைய ஹெட்போனுக்குப் பொருத்தமானதாகத்தான் இருக்கும்.

• இரண்டையும் ஒரே சத்த அளவில் ஒப்பிடுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பது நல்லதுபோலத் தோன்றும். காதின் இயல்பு அது.

• அரை மணி நேரமாவது தலையில் மாட்டியிருங்கள். எடையும் இறுக்கமும் அதன் பிறகுதான் தெரியும்.

• முழுப் பரப்பும் அசைய வேண்டும், தனி மின்னேற்றமும் வேண்டாம் என்பவர்களுக்கு 'பிளானர் மேக்னெட்டிக்' என்ற நடுவழியும் உண்டு. அதையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

• காதுக்கு மாற்று உதிரிபாகம் கிடையாது. பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்!

அமைதியான அறை, ஈரமில்லாத அலமாரி, வயலினும் குழலும் நிறைந்த ரசனை, தாராளமான பட்ஜெட்... இந்த நான்கும் இருப்பவருக்கு எலக்ட்ரோஸ்டேட்டிக். திருவிழாத் தாளமும், பழைய படப்பாட்டும், வீட்டில் அவ்வப்போது போய் வரும் கரன்ட்டும்தான் வாழ்க்கை என்பவருக்கு டைனமிக். நம்மில் பலர் இரண்டாவது வரிசைதான். அதில் குறையொன்றும் இல்லை.

எது வாங்குவதாக இருந்தாலும், அதற்கு முன் ஒரு முறை லோயர் கேம்ப் வரை போய் வாருங்கள். மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள், மின்சாரம் தந்துவிட்டு வயலுக்கு ஓடும் தண்ணீர், அதன் மேல் வீசும் காற்று. அந்தச் சத்தங்களை நேரில் கேட்டு வந்த காதோடு கடைக்குப் போனால், எந்த ஹெட்போன் உண்மையைச் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம்.