பிள்ளையார்பாளையத்தில் ஒரு திருட்டு வானவில்

காஞ்சிபுரம் போகிறவர்கள் ஏகாம்பரநாதரைப் பார்த்து, கோயில் இட்லியை ஒரு கை பார்த்து, கடையில் பேரம் பேசி பஸ் ஏறிவிடுகிறார்கள். பிள்ளையார்பாளையம் பக்கம் கொஞ்சம் நடந்தால்தான் நிஜமான ஊர் தெரியும். காலையில் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். சைக்கிள்காரர் மரியாதையாக இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். வீட்டுக்குள்ளே குழித்தறி 'டக்... டக்...'

நான் நுழைந்த வீட்டுத் தறிக்காரருக்கு அன்று முகம் சரியில்லை. "நீங்களே சொல்லுங்க சார்" என்று புடவையை விரித்தார். மயில் கழுத்துக் கலர், பொடிக் கட்டம். பாவு நீலம், ஊடை பச்சை. அசைத்தால் கலர் மாறும். அது அசல் வித்தை. அப்புறம் செல்போனை நீட்டினார். அதே புடவைதான். ஆனால் குறுக்கே ரோஸும் பச்சையுமாக அலை அலையாக, மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தின மாதிரி. போட்டோவைப் பார்த்த வெளியூர் பார்ட்டி 'சாயம் திட்டுத் திட்டா இருக்கு, வேணாம்' என்று சொல்லிவிட்டாராம். பதினைந்து நாள் நெசவு!

குற்றவாளி சாயமல்ல, காமிரா. இரண்டு சீப்பை ஒன்றின்மேல் ஒன்று வைத்து லேசாகத் திருப்பிப் பாருங்கள். இல்லாத பட்டைகள் தெரியும். இங்கே ஒரு சீப்பு புடவையின் கட்டம், இன்னொன்று காமிராவுக்குள் இருக்கும் புள்ளி வரிசை. அந்தப் புள்ளிகளில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். நாலுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். 1976-ல் கோடக் கம்பெனியின் பிரைஸ் பேயர் பேடண்ட் வாங்கிய ஏற்பாடு. பாக்கி நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டு காமிரா யூகிக்கிறது. கட்டம் புள்ளியளவுக்குப் பொடியாகிவிட்டால் யூகம் தப்பி, வானவில்!

இதற்குப் பெயர் 'முவாரே'. பிரெஞ்சுக்காரர்கள் அலைப் பளபளப்புள்ள பட்டுத்துணிக்கு வைத்த பெயர் அது. பட்டின் பெயரை வைத்துக்கொண்டு பட்டுக்கே துரோகம்!

பல காமிராக்களில் படத்தை இம்மி மழுக்கி இதைத் தடுக்கும் மெல்லிய ஃபில்டர் உண்டு. கூர்மைப் பைத்தியம் பிடித்தவர்களுக்காக 2012-ல் நிக்கான் டி800ஈ என்று அதன் வேலையை ரத்து செய்த மாடலே வந்தது. வாங்கினவர்கள் கட்டம் போட்ட சட்டைக்காரர்களைக் கண்டால் உஷாரானார்கள்.

தறிக்காரரிடம் ஃபில்டர் கதையெல்லாம் எதற்கு? "ஒரு அடி கிட்ட வாங்க" என்றேன். வந்தார். அலை இடம் மாறிற்று. இன்னும் அரை அடி, போனைக் கொஞ்சம் சாய்த்து... காணோம்! "சாயம்னா நகருமா சார்?" என்று அவரே கேட்டுக்கொண்டார். தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று, புடவையை அசைத்து ஒரு வீடியோ, எல்லாம் பார்ட்டிக்குப் போயிற்று.

அவருடைய சம்சாரம் கொடுத்த காபி ஆறுவதற்குள் பதில்:

'சரி, அனுப்புங்க. ரேட்டு மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க.'