மூத்தவாப்பா கட்டிய வீடுகள்

தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்த என் மூத்தவாப்பாவின் ஆயுளிற் பெரும்பகுதி மருதமுனையில் ஒரு தறியின் முன்னே கழிந்தது. கல்முனைக்கு வடக்கே உள்ள எம்மூர் கைத்தறிச் சாறனுக்குப் பெயர் பெற்றது. அந்தச் சாறன்களின் கூலியிலிருந்துதான் அவர் நான்கு பெண்மக்களுக்கும் வீடு கட்டினார்.

எங்கள் கரையில் மணமகன் பெண்வீட்டுக்கு வருகிறான், வீடு மகளுக்குரியது. மூத்தவளான என் உம்மாவுக்குத் தாம் குடியிருந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, வளவின் மூலையில் ஓலைக்குடில் போட்டுக்கொண்டார். பின்னர் அடுத்தவளுக்காகச் செங்கல் சேர்க்கத் தொடங்கினார். இவ்வழக்கத்தைப் புகழ்வோர் உளர். கணவன் கைவிட்டாலும் எங்கள் பெண் தெருவில் நிற்பதில்லை என்பது மெய்யே. ஆனால், வயலுள்ள போடியார் ஓர் அறுவடையிற் கொடுப்பதை நெசவாளி தன் முதுகை வளைத்தே கொடுக்க வேண்டியிருந்தது.

1970களின் முற்பகுதியில், இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தபோது, தறி ஓயவில்லை. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. மலிவான பிறநாட்டுத் துணியும் வந்தது. “நூல் விலைக்கும் காணாது மகன்” என்பார். இருந்த இரண்டு தறிகளில் ஒன்றை விற்றே கடைசி வீட்டுக்கு ஓடு போட்டார்.

நிலம் மலிவென்று கடலருகே கட்டிய இரண்டு வீடுகளையும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் கொண்டது. பிள்ளைகள் தப்பினர். எண்பது கடந்த அவர், மறுவாரமே இடிபாட்டுக்குள் அமர்ந்து, உடையாத கற்களைத் தேடி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.